கோணாமலையின் வலது பெருவிரல்

ஆரையம்பதிக் கோணாமலைக்கு ஐம்பத்தைந்து வயது. சீனி இல்லை, பிரஷர் இல்லை, குடி இல்லை, வாயில் இருப்பதெல்லாம் சொந்தப் பல். அவரில் கோளாறு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு: வலது கைப் பெருவிரல். அது நோவதும் இல்லை, வீங்குவதும் இல்லை. சீருடையைக் கண்டால் மட்டும் அது கோணாமலையின் சொல்லைக் கேட்காது.

அவர் மீன் விற்பவர். விடியும் நேரம் வாவிக்கரையில் நின்று, தோணிகள் கரை தட்டியதும் திரளியோ மணலையோ இறாலோ கிடைத்ததை எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய பெட்டிக்குள் ஐஸ் போட்டு அடுக்கி, மண்முனைப் பாலத்தால் வாவிக்கு அக்கரையான படுவான்கரைக்குப் போவார். அங்கே நாலைந்து ஊர்கள் அவரை நம்பிச் சோறு வைக்கின்றன. ரப்பர் ஹோர்னை இரண்டு தரம் அமத்தினால் பெண்கள் சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். ஒன்பது மணிக்குள் பெட்டி காலியாக வேண்டும். அதற்குப் பிறகு ஐஸ் தண்ணீராகும், மீனின் கண் உள்ளே போகும், வாங்க வந்தவள் செவுளைக் கிளப்பிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவாள். பாலம் திறந்த நாளிலிருந்து அவருடைய சீவியம் இதுதான். லைசென்ஸ் போனால் இதுவும் போகும். ஐம்பத்தைந்து வயதில் வேறு யார் அவரைக் கூப்பிட்டு வேலை தரப்போகிறார்கள்?

போன வருஷம், மோட்டார் சைக்கிள்களின் முன் லைட் பகலிலும் எரிகிறதா என்று அந்தப் பக்கத்தில் கண்டிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்கள். கூடவே பஸ், லொறி, ஆட்டோ எதில் மேலதிக லைட் பூட்டியிருந்தாலும் நிறுத்திக் கழற்ற வைத்தார்கள். இருக்கவேண்டிய லைட் எரிய வேண்டும், இருக்கக்கூடாத லைட் இருக்கக்கூடாது. சின்னப்பிள்ளைக்கும் விளங்குகிற சங்கதி. கோணாமலைக்கும் விளங்கியது. சட்டத்தின் மேல் அவருக்கு எந்தக் கோபமும் இல்லை. வீட்டு வாசலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டுதான் புறப்பட்டார். எதிரே வந்த பழைய ஆட்கள் விரல்களை விரித்து மூடி, லைட் எரிகிறது என்று சைகை காட்டினார்கள். தெரிந்துதான் போட்டிருக்கிறேன் என்று அவர் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டு போனார்.

பாலத்தின் அந்தப் பக்க முனையில் மஞ்சள் மேலங்கியோடு ஒரு பெண் பொலிஸ் நின்றாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதுதான் இருக்கும். நெஞ்சில் ஜெனிற்றா என்று பெயர்ப் பட்டி. கையைக் காட்டி ஓரங்கட்டினாள்.

“ஐயா, லைட் எங்க?”

“போட்டுத்தான் வந்தனான் மிஸ்.” குனிந்து பார்த்தார். லைட் எரியவில்லை. பல்ப் போய்விட்டதாக்கும் என்று சுவிட்சைத் தட்டினார். பளிச்சென்று எரிந்தது. அது என்ன மாயம் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஜெனிற்றா அவசரப்படாமல் தண்டச் சீட்டை எழுதினாள். எழுதிக்கொண்டே நியாயமும் சொன்னாள். “காலம வெயில் உங்கட முதுகுப் பக்கம் ஐயா. எதிர வாறவனுக்குக் கண் கூசும். நீங்க வாறது தெரியிறல்ல. அதுக்குத்தான் லைட்.” நல்ல பிள்ளை, குரலில் அதட்டல் இல்லை. லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டாள். கோணாமலை தண்டத்தைக் கட்டி, பொலிசுக்கு நடந்து, அதைத் திருப்பி எடுத்தார்.

அடுத்த கிழமை அதே இடம், அதே பெண். இந்த முறை அவள் நியாயம் சொல்லவில்லை. “பாலத்துல ஏறக்குள்ள எரிஞ்சிது. நான் கண்ணால கண்டனான். என்னக் கண்டவுடன ஓஃப் பண்ணுறீங்க. எனக்குப் பகிடி விடுறீங்களா?”

“ஓம் மிஸ்” என்றார் கோணாமலை.

அவருக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவே இல்லை. சீருடை போட்டவர்கள் எதைக் கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது ‘ஓம்’தான், கேள்வி என்ன என்பதைப் பிறகுதான் யோசிப்பார். ஜெனிற்றாவின் முகம் சிவந்தது. ஒரு பெண் பிள்ளை றோட்டில் நின்று வேலை செய்வதைப் பகிடி பண்ணும் ஆண்கள் எத்தனை பேரைப் பார்த்திருப்பாளோ, அந்தக் கணக்கில் இவரையும் சேர்த்துவிட்டாள். சீட்டை எழுதிய பேனை கடதாசியைக் கிழித்தது.

அன்றைக்குத்தான் கோணாமலை தன் பெருவிரலைக் கண்டுபிடித்தார். திரும்பி வரும்போது ஒரு பொலிஸ் ஜீப் எதிரே வந்தது. வலது பெருவிரல் தானாக நகர்ந்து, சுவிட்சைத் தேடி, லைட்டை அணைத்தது. ஜீப் கடந்ததும் தானாகவே மீண்டும் போட்டது. களவெடுக்கும்போது கையும் மெய்யுமாகப் பிடிபட்ட ஆளைப் பார்ப்பது போல அவர் தன் கையையே பார்த்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி கண்ணகை வாய்விட்டுச் சிரித்தாள். “பழகினாச் சரியாப் போகும். நான் நிக்கிறன், ஓடிக் காட்டுங்க.” மழைக்குப் போடும் மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு ஒழுங்கை முனையில் நின்று கையைக் காட்டினாள். கோணாமலை எட்டுத் தரம் அவளைக் கடந்து ஓடினார். லைட் எட்டுத் தரமும் எரிந்தபடியே இருந்தது. விரல் அசையவில்லை. “என்னில ஒரு பயமும் இல்ல இந்த மனிசனுக்கு” என்று அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

மகள் கம்சாயினி நகரத்தில் ஒரு கணினி நிலையத்தில் வேலை செய்பவள். எதற்கும் வழி வைத்திருப்பாள். சுவிட்சின் மேல் கறுப்பு ஒட்டு ரேப்பை நாலு சுற்றுச் சுற்றினாள். “இனி அமத்தேலா அப்பா.” மறுநாள் பாலத்தில் மஞ்சள் மேலங்கியைக் கண்டதும் விரல் ரேப்பில் போய் முட்டியது. ஒரு கணம் தவித்தது. பிறகு முழுக் கையும் இறங்கிப்போய்ச் சாவியைத் திருகி எஞ்சினையே நிறுத்தியது. நல்ல காலம், ஜெனிற்றா ஒரு லொறிக்காரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கோணாமலை சாவியைப் போட்டு உதைத்து ஸ்டார்ட் செய்துகொண்டு ஓடிவிட்டார். அன்று மீன் நிறுக்கும்போது இரண்டு தரம் எடை தவறியது.

இந்த விரல் எங்கே படித்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தொண்ணூறுகளில் கோணாமலை வவுணதீவுப் பக்கம் வயல் சொந்தக்காரரான ஒரு போடியாரிடம் ட்ரக்டர் ஓடினார். வட்டையில் உழவு முடித்து, அந்த நீண்ட வயல்வெளியிலிருந்து இருட்டுப்படும் மைம்மல் பொழுதில் திரும்பும் வழியில் ஓர் இராணுவச் சாவடி. அங்கே எழுதி ஒட்டாத ஒழுங்கு ஒன்று இருந்தது. றோட்டில் வைத்த தார்ப் பீப்பாயைக் கண்டவுடன் முன் லைட்டை அணைக்க வேண்டும். எரிந்தால் காவலில் நிற்பவனுக்குக் கண் கூசும், வருவது யார் என்று தெரியாது. காரென்றால் உள் லைட்டைப் போட வேண்டும். ட்ரக்டருக்கு ஏது உள்? டோர்ச்சைத் தன் முகத்துக்கே அடித்துக்கொண்டு மெல்ல உருட்ட வேண்டும். சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ என்றால் பட்டப்பகலிலும் இறங்கி, தொப்பியைக் கழற்றி, தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். அன்று அணைத்தால்தான் ஆளைத் தெரியும். இன்று எரித்தால்தான் ஆளைத் தெரியும் என்கிறார்கள். இரண்டும் நியாயந்தான், ஆனால் விரல் முதலாவது நியாயத்தை மட்டுமே மனப்பாடம் செய்திருந்தது.

ஒரு மாரிகாலத்து மைம்மலில் ட்ரக்டரின் லைட் சுவிட்ச் இறுகிவிட்டது. பெருவிரலால் அமத்தினார். அமரவில்லை. இன்னும் அமத்தினார், நகம் பிளந்தது. பீப்பாய் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதிக்கலாம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. இரண்டு வெடி கேட்டது. ஒன்று மேலே போனது. மற்றது முன் லைட்டில் பட்டுக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டியது. லைட் அணைந்தது. கோணாமலையும், மட்காட்டின் மேல் குந்தி வந்த கூலியாள் கதிர்காமத்தம்பியும் சேற்றில் குப்புற விழுந்து கிடந்தார்கள். டோர்ச்சோடு வந்து முகம் பார்த்து, பெயர் கேட்டு, போகச் சொன்னார்கள். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

அதுதான் அவரை வாய் திறக்க விடவில்லை. ஊரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். புருஷனைத் தேடித் தேடி நரைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்து போகிறார்கள். ஒரு லைட் கண்ணாடியை மட்டும் பறிகொடுத்தவனுக்கு என்ன பயம் வேண்டிக் கிடக்கிறது? சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்காமல் பரிதாபப்பட்டால் அது அதைவிடக் கேவலம். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. ட்ரக்டர்க் கதையை அவர் எப்போதும் பகிடிக் கதையாகவே சொல்லி வந்தார். இனி அதை மாற்றிச் சொல்லவும் முடியாது.

கம்சாயினி தோற்க மாட்டாள். காத்தான்குடியில் மோட்டார் சைக்கிள் வயரிங் வேலை செய்யும் ஸியாமிடம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனாள். எஞ்சின் ஓடும்வரை முன் லைட் அணையவே கூடாது என்று கேட்டாள். ஸியாம் காரணம் கேட்கவில்லை. சுவிட்சைக் கழற்றி எடுத்து, வயரை நேராகக் கொடுத்து, இருந்த ஓட்டையை றப்பரால் அடைத்தான். அவனுக்குக் கோணாமலை மேல் ஒரு பிரியம். அவனுடைய உம்மா அவரிடம்தான் இறால் வாங்குவாள். கதிரையில் அவர் கண்ணயர்ந்த நேரம், மட்காட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளை எல்ஈடி பட்டி இரண்டை ஒட்டிவிட்டான்.

“காசு வேணாம் அண்ணன். சும்மா ஒரு அழகுக்கு. இனி ஒங்களக் கண்டில்ல எண்டு ஒருத்தரும் சொல்லேலா.”

மறுநாள் காலை கோணாமலை பாலத்தில் ஏறினார். மூன்று லைட் எரிந்தது. ஜெனிற்றாவைக் கண்டதும் விரல் போய் றப்பரைத் தடவியது, தடவிக்கொண்டே நின்றது. லைட் அணையவில்லை. வென்றுவிட்டோம் என்று அவர் நினைத்த அதே நேரம் அவள் கையைக் காட்டினாள்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். “ஒண்டு இல்ல எண்டு ரெண்டு தரம் எழுதினன். இண்டைக்கு மூண்டோட வந்திரிக்கீங்க.”

“ஓம் மிஸ்.”

“இது மேலதிக லைட். பூட்டேலா. ஐயா, உங்களுக்கு என்னோட என்ன கோவம்?”

இந்தக் கேள்விக்கு மட்டும் ‘ஓம்’ வரவில்லை. இரண்டு பட்டிகளையும் அவளுக்கு முன்னாலேயே நகத்தால் உரித்து எடுத்தார். பசை விரலில் ஒட்டியது. அவள் மூன்றாவது சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, இனி ஒரு தரம் லைட் விஷயத்தில் பிடிபட்டால் நேரே கோர்ட்டுக்குத்தான், லைசென்சை ஆறு மாசத்துக்கு நிறுத்தச் சொல்லிக் கேட்பேன் என்றாள். அவள் பயமுறுத்தவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள்.

ஆறு மாசம் என்றால் படுவான்கரைப் பெண்கள் வேறு மீன்காரனைப் பிடித்துவிடுவார்கள். கோணாமலை இரவெல்லாம் புரண்டார். கல்லடிப் பக்கத்தால் சுற்றிப் போகலாம், ஆனால் போய்ச் சேரும்போது ஐஸ் இருக்காது. பாலத்தைத் தவிர வழியில்லை. பாலத்திலோ ஏறினால் இறங்க ஒரே வாய்தான். இடப்பக்கம் வாவி, வலப்பக்கம் வாவி, முன்னால் ஜெனிற்றா. இப்போது லைட்டுக்குச் சுவிட்சும் இல்லை. அணைக்காமல் எப்படி அவளைக் கடப்பது? அணைத்தால் லைசென்ஸ் போகும் என்பது புத்தி. அணைக்காவிட்டால் வெடி வரும் என்பது உடம்பு. புத்தியும் உடம்பும் ஒரே பாயில் படுத்துச் சண்டை போட்டன.

லைசென்ஸ் திரும்பக் கைக்கு வந்த மறுநாள் அவர் பாலத்தில் ஏறினார். முன் லைட் ஒன்று மட்டும், ஒழுங்காக, சட்டப்படி எரிந்தது. தூரத்தில் மஞ்சள் மேலங்கி. ஓடிக்கொண்டே இரு, ஒன்றும் செய்யாதே, நேரே ஓடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அவளுக்கும் அவருக்கும் நடுவே முப்பது யார் தூரம் இருக்கும்போது, பழைய பீப்பாய் எந்தத் தூரத்தில் நிற்குமோ அந்தத் தூரத்தில், கை சாவியைத் திருகியது. கால் இறங்கியது. ஹெல்மெட் கழன்று ஹேண்டிலில் தொங்கியது. தலையைக் குனிந்துகொண்டு, மீன் பெட்டியும் தானுமாக, கோணாமலை மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

ஜெனிற்றா சீட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். பேனையை எடுத்தாள். எழுதவில்லை. தள்ளிக்கொண்டு போகிற வண்டிக்கு லைட் எதற்கு? அப்படி ஒரு குற்றம் அவள் படித்ததில் இல்லை. அவர் கிட்ட வந்ததும் அவள் கண் ஹெல்மெட்டில் நின்றது, பிறகு அந்தக் குனிந்த தலையில் நின்றது.

“எங்கட அப்பாவும் இப்படித்தான் தள்ளுவார்” என்றாள். குரல் மாறியிருந்தது. “யாக்கோப்பு மேசன் எண்டாத் தெரியும் உங்களுக்கு, டவுன் ஆக்கள்தான். என்னச் சைக்கிள் பார்ல வெச்சிப் பள்ளிக்கூடம் கொண்டு போவார். மூண்டு இடத்துல இறங்குவார், என்னையும் இறக்கி நடத்துவார், தொப்பியக் கழட்டுவார். சைக்கிள் எண்டாக் கொஞ்சத் தூரம் ஓடுற, கொஞ்சத் தூரம் தள்ளுற சாமான் எண்டுதான் நான் நினைச்சிருந்தன்.”

கோணாமலை நிமிர்ந்து பார்த்தார். முதல் தடவையாக அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

“விரல் புள்ள. நான் செய்யிறல்ல. விரல் செய்யிது.” மிஸ் என்று சொல்ல மறந்துபோனார். “எனக்கு ஒண்டும் நடக்கல்ல. ஒரு லைட்டுத்தான் உடைஞ்சது.”

அவள் சிரிக்கவில்லை, பரிதாபமும் படவில்லை. ஓம் என்று தலையாட்டினாள். அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு பெட்டியைத் தட்டி, “திரளி இரிக்கி, நல்ல உடன் மீன்” என்றார். கடமையில் நிற்கிறேன், வேண்டாம் ஐயா, ஏறி ஓடுங்கள் என்றாள் அவள். அவருக்கோ ஏற முடியவில்லை. வளைவு தாண்டி அவள் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் காலைத் தூக்கிப் போட்டார்.

அன்று முதல் முப்பது யார் தள்ளுவது வழக்கமாயிற்று. பின்னால் வரும் பொடியன்கள் ஹோர்ன் அடித்துக் கேலி செய்தார்கள். ஐந்து நிமிஷம் பிந்தியது, மீன் தாங்கியது. சட்டத்துக்கும் விரலுக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து கிடைத்ததென்று கோணாமலை மூச்சு விட்டார்.

ஜெனிற்றாவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. வயது போன மனிசன் தன் ஒருத்திக்காகத் தினமும் இறங்கித் தள்ளுவதா? தன்னைக் காணாவிட்டால் பேசாமல் ஓடிப்போய்விடுவார் என்று நினைத்தாள். ஒரு திங்கட்கிழமை, அவர் வரும் நேரம் பார்த்து, பாலத்து முனையிலிருந்த கண்டல் மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்து நின்றுகொண்டாள்.

கோணாமலை பாலத்தடிக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார். மஞ்சள் மேலங்கி இல்லை. றோட்டு வெளித்துக் கிடந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனிதர், அப்படியே உறைந்துபோனார். எங்கே நிற்கிறாள்? முனையிலா, நடுவிலா, கைபிடிச் சுவருக்கு அந்தப் பக்கமா? பழைய காலத்திலும் கண்ணுக்குத் தெரிந்த காவல்காரனால் அவருக்கு அவ்வளவு தொல்லை இருந்ததில்லை. பீப்பாய் தெரிந்தால் எங்கே அணைப்பது என்று தெரியும். தெரியாவிட்டால் எல்லா இடமும் பீப்பாய்தான். கை சாவியைத் திருகியது. அவர் பாலத்தின் முதல் விளக்குக் கம்பத்தடியிலேயே இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றித் தொங்கப் போட்டுவிட்டுத் தள்ளத் தொடங்கினார்.

தண்ணீருக்குக் குறுக்கே போட்ட தாம்போதியும் பாலமுமாக முழுத் தூரம். வெயில் முதுகில் ஏறியது. ஐஸ் உருகிப் பெட்டியின் மூலையால் சொட்டி, அவருடைய குதிக்காலை நனைத்தது. பஸ்கள் உரசிக்கொண்டு போயின. ஒருவன் பெற்றோல் முடிந்துவிட்டதா என்று நின்று கேட்டான், ஓம் என்றார். முனைக்கு வந்தபோது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கண்டலுக்குள்ளிருந்து ஜெனிற்றா வெளியே வந்தாள். எவ்வளவு தூரத்திலிருந்து அவர் தள்ளிக்கொண்டு வந்தார் என்பதை அவள் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள். பாதியில் வெளியே வந்து மறிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை, ஒளித்தே நிற்கவும் முடியவில்லை.

“நீங்க என்னக் காணாம ஓடட்டும் எண்டுதானே ஐயா ஒளிச்சி நிண்டனான்” என்றாள்.

கோணாமலை மோட்டார் சைக்கிளை ஸ்டாண்டில் விட்டார். பெட்டியைத் திறந்து மீனைப் பார்த்தார். கண்கள் மங்கத் தொடங்கியிருந்தன. மூடினார். பிறகு, வாழ்க்கையில் சீருடை போட்ட ஒருவரிடம் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டார்.

“மிஸ், நீங்க நடு றோட்டிலேயே நில்லுங்க. தூரத்திலயே தெரியிற மாதிரி. அந்த மஞ்சளையும் போட்டுக்கொண்டு.”

“ஏன் ஐயா?”

“அப்ப முப்பது யார்தானே நான் தள்ளணும்.”

ஜெனிற்றா இப்போது அப்படித்தான் நிற்கிறாள். கோணாமலை வரும் நேரம் நிழலை விட்டு வெளியே வந்து, வெயிலில், நடு றோட்டில், அவர் கண்ணுக்குப் படும்படி நிற்கிறாள். அவர் முப்பது யார் தள்ளிக் கடந்து வளைவு தாண்டும்வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுக்கு லீவு விழும் நாட்களில் அவர் முழுப் பாலத்தையும் தள்ளுகிறார்.